சுகுண விலாச சபைக்குப் பெருமை எதனால் வந்தது: உறுப்பினர்களின் பதவியாலா, ஒத்திகையாலா?

ஒத்திகையறை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். தமிழ் நாடக வரலாறு பேசப்படும் இடங்களிலெல்லாம் சென்னை சுகுண விலாச சபை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறினார்கள், அதனால் நாடகத்துக்கு மதிப்பு வந்தது என்பதே அந்த வரி. அது பொய்யல்ல. ஆனால் அந்தச் சபையினர் உட்கார்ந்து செய்த வேலை என்ன என்பதை அது மறைத்துவிடுகிறது என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அதைப் பற்றி விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சபை தோன்றிய நாள் 1891 ஜூலை 1. தொடங்கியவர்கள் ஏழு நண்பர்கள். அவர்களுள் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியாருக்கு அப்போது வயது 18. சிறு வயதில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பு. தாம் பார்த்த ஆட்டங்களின் ஒழுங்கின்மை அவரை அவ்வளவு தூரம் விலக்கியிருந்தது. அந்த மனத்தை மாற்றியது ஒரு தெலுங்குக் குழு. பல்லாரியிலிருந்து வந்த சரச வினோதினி சபையார், விக்டோரியா பொது மண்டபத்தில் 1891இல் நாடகம் ஆடினார்கள். அந்தக் குழுவின் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாசார்லு ஒரு வக்கீல். பகலில் கோர்ட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வேஷம் கட்டி, கூலி வாங்காமல், அவ்வளவு கவனமாக ஆட முடியும் என்பதை அந்த இளைஞர் அங்கேதான் கண்டார். அதே 1891இல்தான் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயமும் அச்சில் வந்தது. படிப்பதற்கான ஒரு பெரும் நாடகமும், நடிப்பதற்கான ஒரு சிறு குழுவும் ஒரே ஆண்டில் பிறந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும்.

சபையின் மேடைக்குச் சம்பந்தனார் எழுதிய முதல் நாடகமான புஷ்பவல்லி 1893இல் ஆடப்பட்டது. 1895இல் லீலாவதி-சுலோசனாவும் மனோகராவும் வந்தன. இரண்டே ஆண்டுகளில் ஒரு மாணவர் கூட்டம் மனோகரா போன்ற நாடகத்தை நிறுத்திக் காட்டுமளவுக்கு வளர்ந்தது எப்படி என்பதுதான் என் கேள்வி. பதவியைக் காட்டி இதை விளக்க முடியாது, ஏனென்றால் அப்போது அவர்களில் பெரும்பாலோருக்குப் பதவியே இல்லை. யாருக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த ஆளின் குரலையும் உருவத்தையும் மனத்தில் வைத்து எழுதியதும், பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தை முன்னே நிறுத்தியதும், வசனம் வாயில் ஊறும் வரை ஒத்திகை பார்த்ததும்தான் காரணம் என்பது என் கருத்து. சபையில் சம்பந்தனாருக்கு இருந்த பதவியின் பெயர் ‘கண்டக்டர்’. இன்று நாம் இயக்குநர் என்று சொல்லும் வேலை அது. தமிழ் மேடையில் அந்த வேலைக்குத் தனியாக ஓர் ஆளும் ஒரு பெயரும் ஏற்பட்டது சிறிய காரியமில்லை.

கட்டியங்காரன் எழுதியது:

ஐயா, தங்கள் பதிவை மதிப்புடன் படித்தேன். இருந்தாலும் ஒரு மறுப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுகுண விலாச சபையைப் பற்றி இவ்வளவு தெரிவதற்கு முதற்காரணம், சம்பந்தனார் தம் நினைவுகளை ஆறு பாகங்களாக எழுதி அச்சிட்டு வைத்ததுதான். தொழில்முறைக் குழுக்களில் இருந்தவர்களுக்கு அப்படி எழுதி வைக்கும் வசதியோ பழக்கமோ பெரும்பாலும் இல்லை. எழுதியவரின் வரலாறு நிற்கிறது, எழுதாதவருடையது காற்றோடு போகிறது. சபை பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே காசி விசுவநாத முதலியாரின் டம்பாச்சாரி விலாசம் சமூகக் கதையை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டது. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி ஊர் ஊராகச் சென்று ஆடியது. கும்பகோணம் பாலாமணி அம்மையார் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். இவர்களையெல்லாம் இருட்டில் விட்டுவிட்டு, வெளிச்சத்தை ஒரு சபையின் மேல் மட்டும் பாய்ச்சுவது நியாயமில்லை.

ஒத்திகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் அங்கேயே தங்கி, உண்டு, உறங்கி, விடியற்காலையிலிருந்து பாடமும் பாட்டும் பயின்றார்கள். மாலையில் கோர்ட்டு முடிந்து வருபவரின் ஒத்திகை அதற்கு எப்படி ஈடாகும்? இன்னொரு பக்கம், ஸ்பெஷல் நாடகம் என்ற முறையையும் பார்க்க வேண்டும். என் பெரியப்பா அதில் ஆர்மோனியம் வாசித்தவர். நாயக வேஷக்காரரான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பெண் வேஷக்காரரான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒத்திகை என்பதே கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொண்டே எந்தப் பாட்டு எந்தச் சுருதியில் என்று என் பெரியப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள். அவ்வளவுதான். இரவு பத்து மணிக்கு மேல் வள்ளி திருமணம் தொடங்கினால் விடியும் வரை ஓரிடத்திலும் தடுமாற்றம் இராது. வள்ளியும் வேலனும் வாதம் செய்யும் இடத்தில் ஒருவர் கேள்வியை வேண்டுமென்றே மாற்றிப் போடுவார், மற்றவர் அந்த நொடியிலேயே விடை சொல்வார். ஒத்திகைதான் கலையின் அளவுகோல் என்றால், இந்தத் திறமையை எந்தக் கணக்கில் வைப்பது?

ஒத்திகையறை எழுதியது:

கட்டியங்காரன் ஐயா, தாங்கள் சொன்னதில் பெரும்பகுதியை நான் மனமார ஏற்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றித் தாங்கள் எழுதியது என் வாதத்தைத் திருத்திக்கொள்ளவே உதவியது. அங்கே ஒத்திகை இல்லையென்று சொல்வதைவிட, ஒவ்வொருவரும் தம் வாழ்நாள் முழுவதும் அதே பாடத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று சொல்லலாம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகப் பாடம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால்தான் முன்பின் அறியாத இருவர் ஒரே மேடையில் நிற்க முடிந்தது. சபைக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஆடியவை பெரும்பாலும் புதிய கதைகள், பாட்டின் துணையில்லாத வசனங்கள். நடிப்பவர்களோ பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். அந்த நிலையில் கூட்டு ஒத்திகை ஒன்றே அவர்களுக்கு இருந்த வழி.

கோவிந்தசாமி ராவின் குழுவுக்குத் தாம் பட்ட கடனைச் சம்பந்தனாரே மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தொழில்முறைக் குழுவைப் பார்த்து, கூலி வாங்காமல் ஆடும் பயில்முறைக் குழு கற்றது. பிறகு பயில்முறைக் குழுவின் நாடகங்கள் தொழில்முறைக் குழுக்களுக்குச் சென்றன. டி. கே. எஸ். சகோதரர்கள் மனோகராவை ஆடியது அப்படித்தான். தம் நாடகத்தை ஆட விரும்புவோர் முன் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதில் சம்பந்தனார் உறுதியாக இருந்தார். தாம் நடித்ததற்குக் கூலி வாங்காத மனிதர், எழுதியதற்கு உரிமைத்தொகை கேட்டார் என்பதை நான் முரண்பாடாகக் கருதவில்லை. நாடகம் எழுதுவதும் ஓர் உழைப்பு என்று தமிழ் மேடைக்கு அவர் கற்பித்தார்.

ஷேக்ஸ்பியரை அவர் கொண்டுவந்த முறையையும் நினைத்துப் பாருங்கள். ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான், மாக்பெத் மகபதி ஆனான், சிம்பலின் சிம்மளநாதன் ஆனான். வெனிஸ் நகரத்து வணிகன் வாணிபுர வணிகன் ஆனான். பெயரின் ஓசை மூலத்தோடு ஒட்டி நிற்கிறது, ஆனால் வாயில் வைத்தால் தமிழ்ப் பெயராகவே ஒலிக்கிறது. மேடையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்த ஒருவரால்தான் இப்படிப் பெயரிட முடியும். அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி, உண்மையே பேசாத ஒருவனைக் கதாநாயகனாக்கிச் சந்திரஹரி என்று எழுதியதும் அதே காதுதான்.

யாழ்வாசகன் எழுதியது:

இந்த இழையில் ஈழத்தின் பங்கும் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன். சுகுண விலாச சபையார் 1911இல் கொழும்புக்கு வந்து நாடகங்களை மேடையேற்றினார்கள். அவற்றைப் பார்த்தவர்களுள் க. சொர்ணலிங்கம் என்ற இளைஞரும் ஒருவர். பல்லாரிக் குழுவைப் பார்த்தபின் சம்பந்தனாருக்கு என்ன நேர்ந்ததோ, அதுவே சம்பந்தனாரின் குழுவைப் பார்த்தபின் இவருக்கும் நேர்ந்தது. 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை தோன்றியது. அடுத்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபை தோன்றியது. பெயரைப் பாருங்கள்: ‘விலாச சபை’ என்ற இரண்டு சொற்களும் கடல் கடந்து அப்படியே வந்துவிட்டன. சொர்ணலிங்கம் பின்னாளில் கலையரசு என்று போற்றப்பட்டார், கடைசி வரை சம்பந்தனாரைத் தம் குருவாகவே கொண்டார், தம் மேடை அனுபவங்களை அவரைப் போலவே நூலாகவும் எழுதி வைத்தார்.

எங்கள் பக்கத்திலும் கட்டியங்காரன் ஐயா சொன்ன அதே இரட்டை நிலை இருந்தது. ஆங்கிலம் படித்தவர்களின் சபைகள் ஒரு புறம் வளர, அண்ணாவிமார் பழக்கிய கூத்தும் இசை நாடகமும் மறுபுறம் ஊர்களில் நின்றன. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்க்க விடிய விடியக் குந்தியிருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் என் தாயார். அந்த மயானத்தில் அரிச்சந்திரன் பாடும்போது பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை அவர் இன்றும் சொல்வார். சபை நாடகத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே, எங்கள் நாட்டில் சபைகள் நாடகத்துக்கு மதிப்பைக் கொண்டுவந்தன என்று யாராவது சொன்னால், யாருடைய மதிப்பை என்று நான் கேட்பேன். என் தாயாரின் ஊரில் அந்த மதிப்பு முன்பே இருந்தது.

பூங்காநகர் எழுதியது:

விக்டோரியா பொது மண்டபத்தைப் பற்றிச் சில வரிகள் எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் இடமும் வரலாற்றில் ஒரு பாத்திரம்தான். சிஷோம் வடிவமைத்த அந்தச் செங்கல் கட்டடம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில், ரிப்பன் மாளிகையின் பக்கத்தில் நிற்கிறது. நகரத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேரக்கூடிய இடம். பல மொழிக்காரர்கள் வாழ்ந்த அந்தச் சென்னைக்கு ஏற்ப, சுகுண விலாச சபையும் தமிழோடு நிற்கவில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் வடமொழியிலும் ஆங்கிலத்திலும் கூட ஆடியது. அரசியலில் பின்னர் பெரும்பெயர் பெற்ற தீரர் சத்தியமூர்த்தி அந்தச் சபையில் உறுப்பினராக இருந்து நடித்தவர். வக்கீல் வி. சி. கோபாலரத்தினம் நகைச்சுவைப் பாத்திரங்களில் புகழ் பெற்றவர்.

சபை பிறகு மவுண்ட் ரோட்டில் சொந்த இடத்துக்குச் சென்றது. அங்கே அது காலப்போக்கில் உறுப்பினர்கள் கூடிப் பொழுதுபோக்கும் கிளப்பாக மாறியது. எனக்கு இதில் உள்ளபடியே வருத்தம் உண்டு. வாடகை மண்டபத்தில் ஆடிய காலத்தில் நாடகம் இருந்தது, சொந்தக் கட்டடம் வந்த பிறகு நாடகம் மெல்ல விலகியது.

இன்னொன்றும் நடந்தது. ‘சபா’ என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. 1891இல் சபை என்றால் நடிப்பவர்களின் கூட்டம். அரை நூற்றாண்டுக்குப் பின், சபா என்றால் சந்தா கட்டும் ரசிகர்களுக்காக நாடகத்தையும் கச்சேரியையும் ஏற்பாடு செய்யும் அமைப்பு. நடிப்பவர்கள் தனிக் குழுக்களாகி, சபாக்களின் தேதிக்காகக் காத்திருந்தார்கள். 1952இல் ஒய். ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், சோவின் விவேகா பைன் ஆர்ட்ஸ், பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ் ஆகிய எல்லாம் இந்த இரண்டாம் காலத்தைச் சேர்ந்தவை. அலுவலகம் விட்டு வந்து ஒத்திகை பார்ப்பது என்ற பழக்கம் மட்டும் சுகுண விலாச சபையிலிருந்து அப்படியே தொடர்ந்தது.

மேடைமணி எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். அந்தச் சபையில் பெண்கள் ஏன் மேடையேறவில்லை? பாலாமணி அம்மையாரின் கம்பெனி அதே காலத்தில் இருந்ததென்றால், பெண் நடிகை கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லையே.

ஒத்திகையறை எழுதியது:

மேடைமணி அவர்களே, கேட்க வேண்டிய கேள்வி இது. நடிகைகள் இல்லாமல் இல்லை. அவர்களோடு ஒரே மேடையில் நின்றால் குடும்பத்தாரும் ஊராரும் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்தான் இருந்தது. தேவதாசி மரபில் வந்த பெண்களே அப்போது பெரும்பாலும் மேடையில் இருந்தார்கள். அவர்களிடமிருந்து தள்ளி நிற்பதையே சபையினர் கௌரவமாகக் கொண்டார்கள். இந்த இடத்தில் சபையின் மதிப்பு இன்னொருவரின் மதிப்பைக் குறைத்துத்தான் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் அதன் விளைவாக அங்கே உருவான ஒரு கலைஞரைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் வேறொரு பிழை ஆகிவிடும். சி. ரங்கவடிவேலு தொழிலால் வக்கீல், மேடையில் ஸ்திரீபார்ட். மனோகரனாகச் சம்பந்தனார் நின்றால் விஜயாளாக ரங்கவடிவேலு நிற்பார். நாயகனும் நாயகியுமாக அந்த இருவரும் பல ஆண்டுகள் ஒன்றாக ஆடினார்கள். சம்பந்தனார் எழுதிய பெண் பாத்திரங்கள் பலவற்றுக்கு உருவம் கொடுத்தவர் இவர். 1923இல் அவர் மறைந்தார். சம்பந்தனாரின் நினைவுகளைப் படிப்பவர்கள், பக்கங்களின் நடை அந்த இடத்தில் மாறுவதைக் கவனித்திருப்பார்கள். அதுவரை நாடகம், தேதி, யார் எந்த வேஷம் என்று ஒழுங்காகக் கணக்குச் சொல்லி வந்தவர், அங்கே ஒரு நண்பனை இழந்த மனிதராக மட்டும் பேசுகிறார். நான் ஒரு நூலகத்தில் அந்தப் பழைய பதிப்பைப் படித்தேன். தாள் பழுத்து, புரட்டும்போது ஓரம் தூளாக உதிர்ந்தது. எனக்கு முன் படித்த யாரோ ஒருவர் ரங்கவடிவேலுவின் பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தார். நூலகப் புத்தகத்தில் கோடு போடுவது தவறு என்றாலும், அந்தக் கோடுகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சம்பந்தனார் 1924இல் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில், அதாவது சிறு வழக்கு நீதிமன்றத்தில், நீதிபதியானார், 1928 வரை அந்தப் பதவியில் இருந்தார். அப்போதும் அவர் மேடையை விடவில்லை. ஆக, ‘பதவியால் நாடகத்துக்கு மதிப்பு வந்தது’ என்ற வரிக்கு உண்மையான சான்று தேடினால், சபை தோன்றி முப்பதாண்டுகளுக்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்குள் நாடகங்களில் பெரும்பகுதி எழுதி ஆடி முடிந்துவிட்டன.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு பெரிய சபையைப் பற்றிய பேச்சில் எங்கள் ஊர்க் குழுவைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினேன். கட்டியங்காரன் ஐயா ‘எழுதாதவருடையது காற்றோடு போகிறது’ என்று எழுதியதைப் படித்ததால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் 1950களிலும் 60களிலும் பள்ளி ஆசிரியர்கள், தபால்காரர், கூட்டுறவுச் சங்க எழுத்தர், இரண்டு மூன்று விவசாயிகள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு நாடகம் போட்டார்கள். மாரியம்மன் திருவிழாவின் எட்டாம் நாள் நாடகம். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்து ஒத்திகை நடக்கும். அறுவடை நெருங்கினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வராதவரின் வசனத்தை என் தாத்தாவே சொல்லி மற்றவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பாராம். அதனால் எல்லோருடைய பாடமும் அவருக்கு மனப்பாடம். ஒரு வருடம் நாடகத்தன்று வில்லன் காய்ச்சலில் படுத்துவிட, தாத்தா அந்த வேஷத்தையும் கட்டி, தம் பாத்திரமான வயதான அப்பாவையும் மாறி மாறி ஆடியிருக்கிறார். இருவரும் ஒன்றாக வரும் ஒரே காட்சியில் அப்பாவைத் திரைக்குப் பின்னாலிருந்து பேச வைத்துச் சமாளித்தார்களாம்.

அவருடைய கணக்கு நோட்டு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்து போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கிடைத்தது. ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. டோப்பா வாடகை, படுதா வண்டிக்கூலி, ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம், ஆர்மோனியக்காரர் சாப்பாடு என்று எல்லாம் எழுதியிருக்கிறார். நடித்தவர்களின் பெயரும் வேஷமும் மட்டும் எங்குமே இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருக்க வேண்டும். இப்போது அதைச் சொல்ல ஊரில் இரண்டு பேர்தான் மிச்சம்.

கட்டியங்காரன் எழுதியது:

காவிரிக்கரை அவர்களே, தயவுசெய்து அந்த இரண்டு பேரிடமும் இந்த மாதத்துக்குள்ளேயே சென்று பேசுங்கள். நாடகத்தின் பெயரைக் கேட்டால் நினைவு வராமல் போகலாம். எந்தப் பாட்டைப் பாடினீர்கள், யாருக்கு யார் பொட்டு வைத்தார்கள், பெண் வேஷத்துக்குப் புடவை யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். என் பெரியப்பாவிடம் நான் அப்படிக் கேட்டபோதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தது. ஒத்திகையறை ஐயாவோடு நான் வாதாடியதும் இதற்காகத்தான். சம்பந்தனார் தம் சபைக்கு எழுதியதைப் போல, ஒவ்வோர் ஊர்க் கொட்டகைக்கும் யாராவது ஒருவர் எழுதியிருந்தால் இந்த இழையில் நாம் பேச வேண்டியது வேறாக இருந்திருக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

நேற்று மாலை சென்று வந்தேன். அவர்களுள் மூத்தவருக்கு 88 வயது, காது சரியாகக் கேட்பதில்லை. கட்டியங்காரன் ஐயா சொன்னபடி புடவையைப் பற்றிக் கேட்டேன். சிறிது நேரம் என்னையே பார்த்தவர், அந்த அரக்கு நிறப் பட்டு என் பாட்டியுடையது என்றும், நாடகம் முடிந்ததும் அதில் அரிதாரக் கறை பட்டதற்காகத் தாத்தாவுடன் பாட்டி ஒரு வாரம் பேசவில்லை என்றும் சொன்னார். அதைக் கட்டி நாயகியாக நடித்தவர் தாமே என்றார். பிறகு கட்டிலிலிருந்து எழுந்து நின்று, கையை இடுப்பில் வைத்து, முதல் காட்சியின் வசனம் முழுவதையும் தடையில்லாமல் சொன்னார். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். நோட்டிலும் அவர் பெயரையும் வேஷத்தையும் எழுதிவிட்டேன்.